மீட்டருக்கு அப்புறம் உள்ள குழாய்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால் அது நிறத்தில்தான் தொடங்கும். “ராத்திரி வெட்டுனாங்க, காலையில தொறந்தா தேத்தண்ணி கலர்ல ஊத்துது” என்று பசியாறும் கடையில் ஒருவர் சொன்னால் போதும், அடுத்த மேசைக்காரர் தன் வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவார். நிறம் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பேசுகிறோம். சரி, பேச வேண்டியதுதான். ஆனால் பழைய குழாய் குடிதண்ணீருக்குச் செய்கிற கெடுதலில் நிறம் ஒரு பகுதி மட்டுமே. அதுவும் உடம்புக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத பகுதி. கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் தெளிந்த தண்ணீரோடு வருகிறது.

பேராக்கில் தண்ணீர் கொடுப்பது லெம்பாகா ஆயர் பேராக் என்ற மாநிலத் தண்ணீர் நிறுவனம். ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: படிகாரம் போன்ற ஒன்றைப் போட்டுக் கலங்கலைத் திரளவைத்து, தெளியவிட்டு, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து, தண்ணீரின் அமிலத்தன்மையைக் குறைக்கக் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து அனுப்புவார்கள். சுகாதார அமைச்சு குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் தர எல்லைகளில் நமக்கு வேண்டியவை சில. இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மாங்கனீஸ் 0.1, ஈயம் 0.01. குளோரின் மட்டும் 0.2-க்குக் கீழே இறங்கக்கூடாது. சுத்திகரிப்பு ஆலையின் வாசலில் இந்த எண்களுக்குள் நிற்பது பெரிய காரியமில்லை. அங்கிருந்து கிளம்பிய தண்ணீர் தொட்டிகளில் தங்கி, மைல் கணக்கில் குழாயில் ஓடி நம் சமையலறைக்கு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். அதற்குள் அது பல வகைக் குழாய்களோடு ஒட்டி உரசி வருகிறது.

இதில் மீட்டர்தான் எல்லைக்கோடு. மீட்டர் வரை தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கு அப்புறம் உள்ள குழாய் வீட்டுக்காரருடையது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இது தெளிவாக இருக்கும். வேலி ஓரத்தில் மீட்டர், அதற்கு உள்ளே நம்முடையது. ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் அப்படி இல்லை. பல தோட்டங்களில் நுழைவாயில் பக்கம் ஒரே ஒரு பெரிய மீட்டர்தான் இருக்கும். அங்கிருந்து கடைசி லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வரை போகிற குழாய் முழுவதும் சட்டப்படி “மீட்டருக்கு அப்புறம்” உள்ளது. ஒரு வீட்டுக்குச் சில அடியாக இருக்க வேண்டிய தனியார் குழாய், தோட்டத்தில் சில சமயம் கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. மாநிலம் கோடிகள் செலவழித்துச் சாலையோரக் குழாய்களை மாற்றினாலும் இந்த நீளத்தைத் தொடாது.

இவ்வளவு பழைய குழாய் எப்படி மிஞ்சியது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கிணறு, ஆறு, கூரையிலிருந்து வடியும் மழைத்தண்ணீருக்கு ஒரு தகர டிரம், அப்புறம் லயத்துக்கு ஒரு பொதுக்குழாய் என்று படிப்படியாக வந்ததுதான் தோட்டத்துத் தண்ணீர். 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு சிதறிக் கிடந்த லயங்களைப் பல இடங்களில் ஒரே வேலிக்குள் கூட்டினார்கள். 1950-களிலிருந்து பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் காலம் வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஓரப்பகுதி தாமானானது. நிலத்தின் பட்டா கைமாறிக்கொண்டே இருந்தது. மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற விவரம் பெரும்பாலும் கைமாறவில்லை. அது பழைய கிராணியின் (தோட்டக் குமாஸ்தாவின்) நினைவிலோ, பைப் வேலை பார்த்த ஒருவரின் கைப்பழக்கத்திலோ தங்கி, அவரோடு போய்விட்டது.

அந்தக் காலத்தில் போட்டது ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய். பூச்சு இருக்கும்வரை இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். அது தீர்ந்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். மரையிட்ட இணைப்புகளில் உலோகம் ஏற்கெனவே மெலிந்திருப்பதால் முதலில் பொத்துக்கொள்வது அங்கேதான். நாற்பது, ஐம்பது ஆண்டு ஆன அரை அங்குலக் குழாயைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்குக்கூட ஓட்டை இருக்காது. சுற்றிலும் கொப்புளம் கொப்புளமாகத் துரு. மேலே கறுப்பாக ஓடு மாதிரி ஒரு படலம், அதை நகத்தால் கீறினால் உள்ளே காவி நிறத்தில் ஈரமான சேறு. தண்ணீர் இத்தனை நாளும் இதன் வழியாகத்தான் வந்திருக்கிறது.

குழாயின் உள்விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாகக் குறையும் என்றுதான் நினைப்போம். அதே அழுத்தத்தில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்குதான் வரும். துருவின் சொரசொரப்பு அதையும் குறைக்கும். “தண்ணி ஃபோர்ஸ் இல்ல” என்று பம்ப் வாங்கி மாட்டுகிறவர்கள் பலருக்குப் பிரச்சினை ஆற்றிலோ ஆலையிலோ இல்லை, சுவருக்குள்ளேயே இருக்கிறது. பம்ப் மாட்டினால் துருவும் வேகமாக உரிந்து வரும்.

தண்ணீர் வெட்டு முடிந்த மறுநாள் ஏன் கலங்கலாக வருகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். ஓட்டம் நின்றதும் துருப்படலத்துக்கு அடியில் உள்ள இரும்பு கரைந்து தண்ணீரில் சேரும். திரும்பத் திறக்கும்போது காலிக் குழாயில் காற்றும் தண்ணீருமாக முட்டி மோதி, சில நேரம் வழக்கமான திசைக்கு எதிராகவும் ஓடி, ஒட்டியிருந்த படலத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். கரைந்த இரும்பு காற்றுப் பட்டதும் காவியாகிவிடும். குடத்தில் பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் அடியில் மண்டி விடுவது இதனால்தான். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது காற்றுக் குமிழி. கிளாஸில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தால் காற்றுதான். மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் பொடி தங்கினால் வேறு ஏதோ ஒன்று.

இரும்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்றில்லை. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் மை நிறம் வரும். வழக்கமான தேயிலை, வழக்கமான அளவு. தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) மட்டும் சிவப்பாக இல்லாமல் ஊதாக்கறுப்பாக மங்கி நின்றால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் காவிப்புள்ளி விழும். அதை எடுக்க பிளீச் ஊற்றுவார்கள், அது செய்யவே கூடாத வேலை. பிளீச் இரும்பை இன்னும் துருவாக்கி நூலோடு கெட்டிப்படுத்திவிடும். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தடவி ஊறவைத்துத் துவைத்தால் கறை இளகும். இரும்பு அந்த அளவில் உடம்பைக் கெடுப்பதில்லை, 0.3 என்ற எல்லையே ருசிக்காகவும் கறைக்காகவும் வைத்தது. மாங்கனீஸ் கொஞ்சம் வேறு. அது கறுப்பாக, விரலில் மை ஒட்டுவது போல வழுக்கலாக வரும். கைக்குழந்தைகளை மனதில் வைத்து உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அதற்கு லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் என்று தற்காலிக எல்லை ஒன்றைச் சொன்னது. நம் எல்லையைவிட அது கொஞ்சம் இறுக்கமானது.

கண்ணுக்குத் தெரியாதவற்றில் முதலாவது, குளோரின் தீர்ந்துபோவது. கரைந்த இரும்பு ஒரு மில்லிகிராம் இருந்தால் அது மட்டுமே 0.6 மில்லிகிராமுக்கு மேல் குளோரினைத் தின்றுவிடும். துருக் கொப்புளங்களின் இடுக்கில் வளரும் நுண்ணுயிர்ப் படலமும் தின்னும். இதோடு நம் ஊர்ச் சூடும் சேர்கிறது. குளிர் நாடுகளில் குழாய் ஆழமாகப் புதைந்து சில்லென்று கிடக்கும். இங்கே லயத்தின் பின்சுவரை ஒட்டி மண்ணுக்கு மேலேயே ஓடுகிற குழாய்கள் எத்தனையோ. மத்தியான வெயிலில் உள்ளிருக்கும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். சூடு கூடக் கூட குளோரின் வேகமாகக் குறையும், நுண்ணுயிர் வேகமாகப் பெருகும், உலோகமும் கூடுதலாகக் கரையும். ஆலையில் போதுமான குளோரினோடு கிளம்பிய தண்ணீர் கடைசி லயத்துக்கு வரும்போது வெறும் கையோடு வரலாம். பைப்பை (தண்ணீர் பிடிக்கும் குழாய்முனையை) திறந்ததும் குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்கிறோம். எனக்கென்னவோ, பழைய குழாய் உள்ள வீட்டில் அந்த வாடை லேசாக இருந்தால்தான் நிம்மதி.

இரண்டாவது, பொத்தல். மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராமல் போகிறது. திருட்டும் மீட்டர்ப் பிழையும் அதில் உண்டு. பெரும்பகுதி குழாய்க் கசிவு. கசிவைப் பண நஷ்டமாகத்தான் பேசுகிறார்கள். தண்ணீர் வெளியே போகிற அதே ஓட்டை வழியாக வெளியே உள்ளதும் உள்ளே வரலாம். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை வராது. வெட்டு நேரத்திலோ, எங்கோ ஒரு பெரிய குழாய் உடைந்து அழுத்தம் சடாரென்று விழும்போதோ, குழாய் உறிஞ்சத் தொடங்கும். தோட்டத்துக் குழாய் பல இடங்களில் சாக்கடைக் கால்வாயை ஒட்டியோ அதைக் குறுக்கே தாண்டியோ போகிறது. அந்தச் சமயத்தில் குளோரினும் தீர்ந்திருந்தால் தடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மூன்றாவது ஈயம். முழு ஈயக் குழாயை நான் தோட்டங்களில் பார்த்ததில்லை. ஈயம் வேறு வழிகளில் வரும். பழைய துத்தநாகப் பூச்சில் ஈயம் கலப்பாக இருந்தது, சில சமயம் நூற்றுக்கு ஒரு பங்கு வரை. பழைய பித்தளைப் பைப்பிலும் வால்விலும் ஈயம் உண்டு. செம்புக் குழாயை ஒட்டவைக்கும் பற்றாசிலும் உண்டு. 2015-இல் ஹாங்காங்கில் அரசு அடுக்குமாடி வீடுகளில் தண்ணீரில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டு ஊரே கொந்தளித்தது. அவை பெரும்பாலும் புதுக் கட்டடங்கள், பற்றாசுதான் காரணம். ஆகவே குழாயின் வயதை மட்டும் பார்த்தால் போதாது. ஈயத்துக்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவும் கிடையாது; மூளை வளர்ச்சியைத்தான் அது தொடுகிறது. புட்டிப்பால் கரைப்பது இந்தத் தண்ணீரில் என்றால் குழந்தையின் எடைக்கு அது பெரிய பங்கு.

பழைய துரு இந்த ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும். பல ஆண்டு சேமித்ததை, தண்ணீரின் தன்மை மாறும்போது ஒரேயடியாக விட்டுவிடும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். குழாய்கள் அதே குழாய்கள்தான். தண்ணீர் மாறியதால் உள்ளே இருந்தது வெளியே வந்தது. நம் மலைப்பக்கத்து ஆற்றுநீர் பொதுவாக மென்னீர், அதாவது தாது உப்பு குறைந்தது, குழாயை அரிக்கும் குணம் கொண்டது. ஆலையில் சுண்ணாம்பு சேர்ப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

சரி, சோதனை செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள். சுகாதார அமைச்சு 1980-களிலிருந்தே ஆலை, தொட்டி, ஊர்க்குழாய் என்று பல இடங்களில் மாதிரி எடுக்கிறது. ஆனால் கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது பைப்பைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டு அப்புறம்தான் புட்டியில் பிடிப்பார்கள். ஊர்க்குழாயில் உள்ள தண்ணீர் எப்படி என்று பார்க்க அதுதான் சரியான முறை. ஆனால் ராத்திரி முழுக்க வீட்டுக் குழாயில் ஊறிக்கிடந்த தண்ணீர் அந்த ஓட்டத்திலேயே போய்விடும். ஈயத்தைத் தேட வேண்டியது அந்தத் தண்ணீரில்தான். அமெரிக்கா 1991-இலேயே ஈயச் சோதனைக்கு ஆறு மணி நேரமாவது நின்ற தண்ணீரின் முதல் லிட்டரைக் கேட்டது.

அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயைப் பற்றியும் பலர் கேட்பார்கள். நாட்டில் அது இன்னும் நிறைய இருக்கிறது. அஸ்பெஸ்டாஸ் தூசியை மூச்சில் இழுப்பதுதான் நிரூபணமான ஆபத்து. குடிப்பதால் தீங்கு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று சொல்லி உலகச் சுகாதார நிறுவனம் எல்லை எதுவும் வைக்கவில்லை. அமெரிக்கா மட்டும் லிட்டருக்கு 70 லட்சம் இழை என்று ஒரு எல்லை வைத்திருக்கிறது. இந்தக் குழாயை வாளால் அறுக்கிற வேலையாளுக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மென்னீர் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக் குழாயைப் பலவீனமாக்கும், அது அடிக்கடி உடையும், உடைந்தால் வெட்டு, வெட்டினால் கலங்கல்.

“காலையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள்” என்று எல்லாரும் சொல்வார்கள். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? அரை அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்தில் 0.2 லிட்டருக்கும் குறைவாகத்தான் தண்ணீர் பிடிக்கும். மீட்டரிலிருந்து சமையலறைக்குப் பத்து மீட்டர் என்றால் இரண்டு லிட்டர். ஒரு சின்ன வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினால் முடிந்தது. லயத்தில் கணக்கே வேறு. இரண்டு அங்குலக் குழாய் நூறு மீட்டர் நீளத்துக்குக் கிடந்தால் அதில் 200 லிட்டர், ஒரு முழு டிரம். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போக விடியுமுன் எழுந்து முதலில் பைப்பைத் திறக்கிற வீடு அந்த நின்ற தண்ணீரைத்தான் குடிக்கிறது. கடைசி வீட்டின் நிலைமை இன்னும் மோசம்: அதற்கு அப்பால் குழாய் முட்டி நிற்பதால் துருவும் மண்டியும் வந்து தங்குவது அங்கேயே. குழாய்க் கோடியில் ஒரு வால்வு வைத்து மாதத்துக்கு ஒருமுறை முழு வேகத்தில் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அது தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை, வீட்டுக்காரருடையது அல்ல.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் ஆவியாவதால் மீதியில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். வாடகைக்கு ஃபில்டர் மாட்டாத வீடு இப்போது குறைவு. மாதம் கட்டுகிற ரிங்கிட்டுக்கு அது என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கரி ஃபில்டர் குளோரினையும் எடுத்துவிடும். குளோரின் இல்லாத தண்ணீர் மாற்றாத கார்ட்ரிட்ஜுக்குள் நின்றால் கிருமிக்கு வசதி. ஈயத்தை எடுக்கும் என்று சொன்னால், அதற்கென்றே சோதித்த சான்று, பொதுவாக என்.எஸ்.எஃப். 53 என்ற அமெரிக்கத் தரச் சான்று, இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இல்லாமல் வாய்வார்த்தையாகச் சொன்னால் நான் நம்புவதில்லை. கூரைக்கு மேலுள்ள டாங்கியின் அடியில் தங்கிய மண்டியைக் கழுவாமல் கீழே எந்த ஃபில்டர் மாட்டினாலும் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் எந்தக் குழாய் என்று தெரியாவிட்டால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை, நாணயத்தால் சுரண்டினால் செம்பு நிறம் தெரிகிறது என்றால் செம்பு. கறுப்பில் நீலக்கோடு போட்டது பாலி பைப். மாற்றும்போது எல்லாரும் கேட்கும் கேள்வியை ஓர் அக்கா பைப் வேலைக்கு வந்த பையனிடம் கேட்டார்: “ஏன் தம்பி, இத மாத்திட்டா தண்ணி வெளுத்துடுமா?” “சமையக்கட்டு மட்டும் மாத்துனா சமையக்கட்டு பைப்புதான்கா புதுசு. வெளியில உள்ளது அப்படியேதானே இருக்கு” என்றான். அவன் சொன்னது சரி. பாதி மாற்றினால் அறுத்த அதிர்ச்சியில் பழைய பாதியின் துரு சில வாரம் கூடுதலாகவே உதிரும். செம்பை முன்னால் போட்டு அதற்குப் பின்னால் ஜி.ஐ. வருகிற மாதிரி இணைத்தால், கரைந்து வரும் செம்பு ஜி.ஐ. குழாயை இன்னும் சீக்கிரம் ஓட்டையாக்கும். பாலி பைப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மோட்டார் பட்டறை, பெட்ரோல் சிந்திய மண் பக்கமாக அதைப் புதைக்காதீர்கள். பெட்ரோலின் சில பொருள்கள் பிளாஸ்டிக்கின் ஊடாகவே உள்ளே போகும்.

பணம் யார் கொடுப்பது? தோட்டத்து வீட்டில் தங்கி வேலை செய்கிற தொழிலாளிக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் (சட்டம் 446) சொல்கிறது. அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா, புகாரும் அங்கேதான். வேலை ஓய்ந்த பிறகும் லயத்திலேயே இருக்கிற பெரியவர்களும், தோட்டம் கைமாறி முதலாளி யார் என்றே தெரியாமல் குடியிருப்பவர்களும் இந்தச் சட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்கள் தண்ணீர் நிறுவனத்திடம் போனால் மீட்டரைக் காட்டுவார்கள். நிர்வாகத்திடம் போனால் ஆலையைக் காட்டுவார்கள்.

அப்படிக் கை காட்டுவதை நிறுத்த மூன்று புட்டி போதும். மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் கேட்டாலும், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தாலும், இரும்பு, மாங்கனீஸ், ஈயம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி யாரும் பைப்பைத் திறக்காமல் ஆறு மணி நேரம் விட்டு, விடியற்காலையில் குடிக்கிற பைப்பின் முதல் லிட்டர் முதல் புட்டியில். வீட்டுக் குழாய் காலியாகும் அளவுக்கு ஓடவிட்டு அதே பைப்பில் இன்னொன்று. மூன்றாவது, பெரிய மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள பைப்பில், அதுவும் ஓடவிட்டு. முதல் புட்டியில் மட்டும் ஈயம் இருந்தால் குற்றவாளி வீட்டுக் குழாயோ அந்தப் பைப்போதான். முதல் இரண்டிலும் இருந்து மூன்றாவது சுத்தமாக இருந்தால் தோட்டத்துக் குழாய், கேட்க வேண்டியது நிர்வாகத்திடம். மீட்டர் பக்கத்துப் புட்டியிலேயே இருந்தால் தண்ணீர் நிறுவனம். புட்டிகளில் இடம், தேதி, நேரம் எழுதி, பிடிக்கும்போது கைப்பேசியில் படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.